அடுத்த ஷிப்டுக்குச் சொன்னீர்களா?

கோபிநத்தத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால், எந்த ஆஸ்பத்திரி என்பதைப் பாலாறு போய்ச் சேர்வதற்குள் முடிவு செய்துவிட வேண்டும். அங்கே பாதை பிரிகிறது. மேலே ஏறினால் மாதேஸ்வரன் மலை, ஹனூர், கொள்ளேகால், அதையும் தாண்டி மைசூரு. தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கினால் கொளத்தூர், மேட்டூர், சேலம். வீரப்பன் பிறந்த ஊர் என்று நாடே அறிந்த இந்தக் கிராமம் 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு தனியாகப் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் இப்போது இருக்கிறது. வீட்டில் பேசுவது தமிழ். அரசாங்கம் பேசுவது கன்னடம். ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் சீட்டு ஆங்கிலம்.

சரி, எப்படியோ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாயிற்று. இனிப் பயமில்லை என்று குடும்பம் மூச்சு விடும். உள்ளே இன்னொரு வகை ஆபத்து காத்திருப்பதை அவர்கள் அறிய மாட்டார்கள். மாதேஸ்வரன் மலையைச் சுற்றிய ஊர்களில் அந்தச் சாமியின் பெயரை வைத்துக்கொள்ளாத குடும்பம் குறைவு. மாதையன், மாதேஷ், மாதேஸ்வரன், மாதம்மா என்று வார்டில் ஒரே நேரத்தில் நாலு பேர் படுத்திருக்கலாம். “மாதையன் யாருப்பா?” என்று கேட்டு ஊசி போட வரும் சிஸ்டருக்கு, அரைத் தூக்கத்தில் இருக்கும் வேறொரு மாதையன் தலையாட்டினால் போதும்.

இந்தத் தலையாட்டலைத் தடுப்பதை ஒரு தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனைத் தர ஆலோசகர், நோயாளி பாதுகாப்பு ஆலோசகர் என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்வார்கள். வார்டில் அவர்களுக்குப் பெயர் “குவாலிட்டிக்காரர்”. அவர் வந்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்வார்கள். போனதும் பெருமூச்சு விடுவார்கள்.

குவாலிட்டிக்காரர் இந்த விஷயத்தில் சொல்லும் தீர்வு எளிமையானது. மருந்து கொடுக்கும்முன், ரத்தம் எடுக்கும்முன், ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்முன் இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று முழுப் பெயர், மற்றொன்று மருத்துவமனைப் பதிவு எண். கட்டில் எண் அடையாளம் ஆகாது, கட்டில் மாறும். “நீங்கதான் மாதையனா?” என்றும் கேட்கக் கூடாது. “உங்க பேரு சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு யாரும் ‘ஆமாம்’ சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் நோயாளியின் வாயிலிருந்து வந்தாக வேண்டும்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஓர் ஆலோசகரா என்று தோன்றலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: சிகிச்சைக்குப் போகும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு அந்தச் சிகிச்சையாலேயே ஏதோ ஒரு தீங்கு நேர்கிறது. பாதுகாப்பற்ற சிகிச்சையால் உலகில் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். தீங்குகளில் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியவை. அவற்றில் பலவற்றுக்குக் காரணம் படிக்காத டாக்டரோ அலட்சியமான நர்ஸோ அல்ல. ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான். இரண்டு ஃபீல்டர்கள் ‘உனக்கு’, ‘உனக்கு’ என்று நடுவில் விட்டுவிடும் கேட்ச் போல.

கோபிநத்தம் மக்களுக்கு மாவட்ட மருத்துவமனை சாமராஜநகரில் இருக்கிறது. 2021 மே 2 இரவு அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோனது. கொரோனா இரண்டாம் அலையின் உச்சம் அது. சிலிண்டர்கள் மைசூருவிலிருந்து வர வேண்டியிருந்தன. மறுநாள் விடிந்தபோது நாடெங்கும் செய்தி பரவியது: 24 நோயாளிகள் இறந்துவிட்டார்கள். ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் மூன்று பேர்தான் என்று அரசுத் தரப்பு முதலில் சொன்னது. கர்நாடக உயர் நீதிமன்றம் தலையிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.என். வேணுகோபால கவுடா தலைமையிலான குழு விசாரித்து, 24 பேரின் சாவுக்கும் ஆக்சிஜன் பற்றாக்குறையே காரணம் என்று அறிக்கை கொடுத்தது. மைசூரு மாவட்ட நிர்வாகம் சிலிண்டர்களைத் தடுத்து வைத்தது என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்றும் சொன்னது.

யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் கேள்வி. தர ஆலோசகரின் கேள்வி வேறு. அவர் பேனாவை எடுத்துக் கணக்குப் போடுவார். பெரிய சிலிண்டர் ஒன்றில் சுமார் 7,000 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் ஒரு நோயாளிக்கு மணிக்கு 600 லிட்டர். அப்படி 50 பேர் படுத்திருந்தால் மணிக்கு 30,000 லிட்டர், அதாவது நான்கு சிலிண்டருக்கு மேல். இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை ஓட்ட 50 சிலிண்டருக்கு மேல் கையில் இருக்க வேண்டும். மூக்கு வழியே நிமிடத்துக்கு 60 லிட்டர் செலுத்தும் கருவியில் ஒரே ஒருவரை வைத்தாலும், ஒரு சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூட வராது.

இந்தக் கணக்கு ஒன்றும் கம்ப சூத்திரம் அல்ல. ஆனால் மாலை ஆறு மணிக்கு அதைப் போட வேண்டியவர் யார்? ஸ்டோர்கீப்பரா, டியூட்டி டாக்டரா, மயக்க மருந்து நிபுணரா? எத்தனை சிலிண்டர் மிச்சம் இருக்கும்போது மணி அடிக்க வேண்டும்? முதலில் கூப்பிட வேண்டியவர் போனை எடுக்காவிட்டால் இரண்டாவது யார்? அவரும் எடுக்காவிட்டால் மாவட்ட ஆட்சியரை நேரடியாகக் கூப்பிட இரவு டியூட்டி சிஸ்டருக்கு அதிகாரம் உண்டா? இந்த நான்கு கேள்விக்கும் பதிலை ஒரே பக்கத்தில் எழுதி, சிலிண்டர் அறையின் சுவரில் ஒட்டி, இரவு ஷிப்டில் இருப்பவருக்கு அது தெரியுமா என்று ராத்திரி இரண்டு மணிக்குப் போய்க் கேட்பதுதான் இந்த வேலை.

மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை. நல்ல ஆலோசகர் ஒரு வார்டுக்குள் நுழைந்தால் முதலில் கோப்பைக் கேட்க மாட்டார். மருந்து வைக்கும் ஃபிரிட்ஜைத் திறப்பார். இன்சுலினும் தடுப்பூசியும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவில் ஒரு தாள் தொங்கும். காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் முழுக்க ‘4, 4, 4’ என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அவர் லேசாகச் சிரிப்பார். நாளைய தேதிக்கும் இன்றே ‘4’ எழுதப்பட்டிருந்தால் சிரிக்க மாட்டார். அடுத்து, அவசர மருந்து வண்டி. சீல் உடைந்திருக்கிறதா, சீல் எண்ணும் பதிவேட்டில் உள்ள எண்ணும் ஒன்றா, காலாவதியான ஊசி ஏதும் உண்டா? தொண்டையில் குழாய் போட உதவும் லாரிங்கோஸ்கோப்பை எடுத்து விரிப்பார். விளக்கு எரியாவிட்டால் அந்த வார்டின் மற்றப் பதிவேடுகளை அவர் நம்பப்போவதில்லை.

பிறகு பொட்டாசியம் குளோரைடைத் தேடுவார். பத்து மில்லி ஊசி மருந்து. பார்க்கச் சாதாரண ஊசித் தண்ணீர் போலவே இருக்கும். கரைத்து, மெல்ல ஏற்றினால் உயிர் காக்கும்; அப்படியே ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயத்தை நிறுத்திவிடும். தண்ணீர் ஆம்பியூலுக்குப் பக்கத்திலேயே அது கிடந்தால், “சிஸ்டர், ஜாக்கிரதையா பார்த்து எடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவது பழைய வழி. பொது வார்டிலிருந்து அதை அப்புறப்படுத்தி, தீவிர சிகிச்சைப் பிரிவில் தனிப் பெட்டியில், சிவப்பு லேபிள் ஒட்டிப் பூட்டி வைப்பது தர ஆலோசகரின் வழி. பன்னிரண்டு மணி நேர டியூட்டியின் கடைசி நிமிடத்தில் எந்த மனிதக் கண்ணும் ஏமாறும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டு தொடங்குகிறார்.

கண்ணுக்கு எட்டாத பிழைகளும் உண்டு. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். ரத்தசோகை, வழக்கமான சிகிச்சைதான். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்ஐவி கிருமி இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்துகொண்டபோதுதான் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அறிந்ததும் தானே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. விசாரித்தபோது இன்னொரு செய்தி வெளிவந்தது. அவர் 2016-லேயே ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே தொற்று தெரிந்திருக்கிறது. ஆனால் தகவல் அவருக்குப் போய்ச் சேரவில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு கோப்பை மூடிவிட்டால், அதே நாற்காலியில் அடுத்து உட்காருபவரும் அதே பிழையைச் செய்வார். மூல காரணத்தைத் தேடும் ஆய்வில் ‘ஏன்’ என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். 2016-ல் தொற்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? ஆளைக் கண்டுபிடிக்க முடியாததாலா, கண்டுபிடிப்பது யார் வேலை என்று எழுதி வைக்காததாலா? அதே ஆள் 2018-ல் மறுபடி வந்தபோது பழைய பதிவு ஏன் எதிரே வந்து நிற்கவில்லை? இரண்டாவது பரிசோதனை ஏன் பிடிக்கவில்லை? ஒவ்வொரு ‘ஏன்’ கேள்விக்குப் பின்னாலும் அடைக்க வேண்டிய ஓர் ஓட்டை இருக்கிறது.

இந்தியாவில் இந்த வேலைக்கு ஒரு வடிவம் வந்தது இந்த நூற்றாண்டில்தான். 2005-ல் டெல்லி இந்திரபிரஸ்தா அப்போலோ, நாட்டிலேயே முதலாவதாக அமெரிக்காவின் ஜேசிஐ அங்கீகாரம் பெற்றது. அதே காலத்தில் இந்தியத் தரக் குழுமத்தின் கீழ், மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎச் உருவானது. 2020-ல் வந்த அதன் தரக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் 10 அத்தியாயங்கள், 100 தரநிலைகள், அவற்றுக்குள் 651 அம்சங்கள் இருந்தன. அரசு மருத்துவமனைகளுக்கென்று என்குவாஸ் என்ற தேசியத் தர உறுதித் திட்டம் 2013-லும், சுத்தத்துக்குப் பரிசு தரும் காயகல்ப் திட்டம் 2015-லும், பிரசவ அறைக்கான லக்ஷ்யா 2017-லும் வந்தன. என்குவாஸ் சான்றிதழுக்கு 70 சதவீத மதிப்பெண் வேண்டும். காசும் இதில் கலந்திருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில், என்ஏபிஎச் நுழைவு நிலைச் சான்று உள்ள மருத்துவமனைக்குச் சிகிச்சைக் கட்டணம் 10 சதவீதமும், முழு அங்கீகாரம் உள்ளதற்கு 15 சதவீதமும் கூட்டிக் கொடுக்கப்படுகிறது.

காசு வந்ததும் கடையும் வந்தது. “மார்ச்சுக்குள்ள சர்டிஃபிகேட் வாங்கிக் குடுத்துடுவீங்களா சார்?” என்பதுதான் பல மருத்துவமனை முதலாளிகள் ஆலோசகரிடம் கேட்கும் முதல் கேள்வி. வாங்கிக் கொடுக்கவும் ஆட்கள் உண்டு. நானூறு பக்க நடைமுறைக் கையேட்டை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்து, பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துத் தருவார்கள். அவசரத்தில் ஏழாம் அத்தியாயத்தில் பழைய மருத்துவமனையின் பெயர் அப்படியே நின்றுவிடும். பத்துக் கட்டில் நர்சிங் ஹோமின் கையேட்டில் ‘ஹெலிகாப்டர் வந்திறங்கும்போது’ என்று ஒரு பத்தி இருக்கும்.

காகிதம் உயிர் காக்காது என்பதற்குக் கனடாவில் பெரிய சாட்சியம் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும்முன், கத்தி வைக்கும்முன், தியேட்டரை விட்டு வெளியே அனுப்பும்முன் என்று மூன்று நிறுத்தங்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே இதன் பின்னணியில் இருந்தார். அவருடைய பெற்றோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. 2009 ஜனவரியில் வெளிவந்த முடிவு உலகையே அசைத்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் பட்டியலைக் கட்டாயமாக்கியது. 101 மருத்துவமனைகள். 2014-ல் ஆராய்ந்து பார்த்தால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை! அதே பட்டியல்தான், அதே கேள்விகள்தான். மேலிடத்து உத்தரவு வந்ததும் எல்லா இடத்திலும் ‘டிக்’ விழுந்திருக்கிறது. எல்லா இடத்திலும் தியேட்டர் ஒரு நிமிடம் நின்று பேசியதா என்பதுதான் சந்தேகம்.

பேச வைப்பதுதான் கஷ்டம். பெரிய சர்ஜனிடம், “சார், இடது கால்னு கேஸ் ஷீட்ல இருக்கு” என்று சொல்ல இருபத்திரண்டு வயது நர்ஸுக்கு எங்கிருந்து தைரியம் வரும்? நம் ஊரில் பெரியவர் பேச்சுக்குக் குறுக்கே பேசுவதே மரியாதைக் குறைவு. ஆலோசகர் முதலில் சர்ஜனைத் தனியாகப் பார்த்து, “கேள்வி கேட்கும் சிஸ்டரை எல்லோர் முன்னாலும் ஒரு தடவை பாராட்டுங்கள் சார்” என்று கேட்டுக்கொள்வார். அந்த ஒரு பாராட்டு, பத்து வகுப்புகள் செய்யாததைச் செய்யும். பிழைகளைப் பதிவு செய்யும் ‘இன்சிடென்ட் ஃபார்ம்’ கதையும் இதுதான். ஓர் ஆண்டில் ஒரு தவறும் நடக்கவில்லை என்று மருத்துவமனை பெருமையாகச் சொன்னால், அனுபவமுள்ள மதிப்பீட்டாளருக்கு அது நல்ல செய்தியாகப் படாது. சொன்னால் சம்பளம் பிடிப்பார்கள் என்று ஊழியர்கள் பயந்து கிடக்கிறார்கள் என்றே புரிந்துகொள்வார்.

மறுபடி கோபிநத்தத்தின் பக்கத்துக்கு வருவோம். 2018 டிசம்பர் 14 அன்று, அதே ஹனூர் வட்டாரத்தின் சுள்வாடி மாரம்மன் கோயிலில் பிரசாதம் சாப்பிட்டவர்கள் சுருண்டு விழுந்தார்கள். பிரசாதத்தில் பூச்சிமருந்து கலக்கப்பட்டிருந்தது. காமகெரே, கொள்ளேகால் என்று கொண்டுபோய், அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை மைசூருவின் அரசு, தனியார் மருத்துவமனைகளுக்கு மாற்றினார்கள். 17 பேர் இறந்தார்கள். இவ்வகை விஷத்தில் வாயிலும் நுரையீரலிலும் நீர் பெருகும், மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். மாற்று மருந்தான அட்ரோபின் ஓர் ஆம்பியூலில் 0.6 மில்லிகிராம்தான் இருக்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒருவருக்கே பத்துக்கணக்கில் உடைக்க வேண்டிவரும். ஒரே மாலையில் நூறு பேர் வந்தால் சிற்றூர் மருத்துவமனையின் கையிருப்பு எத்தனை நிமிடம் தாங்கும்? வென்டிலேட்டர் யாருக்கு முதலில்?

அந்தக் கேள்வியை அந்த மாலையில் முதன்முறையாகக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் பேரிடர் ஒத்திகை. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று நோயாளிகளைப் பிரிக்கும் பட்டை, அட்ரோபினைக் கடன் தரும் பக்கத்து மருத்துவமனையின் போன் எண், மைசூருவில் எத்தனை வென்டிலேட்டர் காலியாக இருக்கிறது என்று கேட்க வேண்டிய ஆள் எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒத்திகை என்றால் போட்டோ எடுத்துக் கோப்பில் வைப்பதல்ல. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் நடத்திப் பார்ப்பது.

இந்த வேலைக்கு வருபவர்கள் பல வாசல்களிலிருந்து வருகிறார்கள். பதினைந்து ஆண்டு வார்டில் இருந்த செவிலியர்கள், மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை படித்தவர்கள், மைக்ரோபயாலஜி டாக்டர்கள், ஆய்வக நிபுணர்கள், கருவிகளைப் பழுதுபார்த்த பொறியாளர்கள். முதலில் ஒரே மருத்துவமனையில் தர நிர்வாகியாகச் சில ஆண்டுகள், பிறகு தனியாக ஆலோசனை என்பதே வழக்கமான பாதை. தான் ஆலோசனை சொன்ன மருத்துவமனைக்குத் தானே மதிப்பீட்டாளராகப் போக முடியாது. வார்டு தெரிந்த செவிலியர்களே இதில் அதிகம் ஜொலிக்கிறார்கள்; பொய்யாக எழுதிய பதிவேடு எப்படி இருக்கும் என்பது, இரவு டியூட்டி பார்த்தவருக்குத்தானே தெரியும்?

தொழிலில் உள்ள சங்கடமும் சிறியதல்ல. சம்பளம் கொடுப்பவர் மருத்துவமனை முதலாளி. காப்பாற்ற வேண்டியது நோயாளியை. “இரவு ஷிப்டுக்கு இன்னும் மூன்று நர்ஸ் வேண்டும்” என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த ஒப்பந்தம் கைவிட்டுப் போகலாம். எழுதாமல் விட்டால், 30 நோயாளிக்கு ஒரு நர்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் வார்டில் எந்தப் பட்டியலும் வேலை செய்யாது. சின்ன ஊர் மருத்துவமனைகளுக்கு ஆலோசகரை வைத்துக்கொள்ள வசதியும் இருப்பதில்லை. ஆக, கோபிநத்தம் மாதிரி ஊர்க்காரர்கள் முதலில் போய் நிற்கும் இடங்களில்தான் இந்த வேலை மிகக் குறைவாக நடக்கிறது. அரசின் தரத் திட்டங்கள் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து அலமாரி வரை போக வேண்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்ததும் கையில் பெயரும் பதிவு எண்ணும் உள்ள பட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஊசி போட வந்தால் பெயரை நீங்களே சொல்லி, என்ன மருந்து என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் ஒவ்வொரு ஷிப்டிலும் திரும்பச் சொல்லுங்கள். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். ஒப்புதல் படிவம் புரியாத மொழியில் இருந்தால், புரிந்த மொழியில் விளக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. வரவேற்பறைச் சுவரில் தரச் சான்றிதழ் தொங்கினால் அதன் காலாவதித் தேதியையும் ஒருமுறை பாருங்கள்.